தொப்பியின் நாதம் எங்கே?

அயலூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு மிருதங்க ஒலி நாள்தோறும் செவியில் விழும் பேறு இல்லை. ஆண்டில் நான்கைந்து முறை, சங்க விழாக்களில்தான் அதனை நேரில் கேட்கின்றனர். வலந்தலையின் கணீரென்ற சொற்கள் மட்டும் கேட்டு, ரவைப் பசை இட்ட தொப்பியின் கம்பீர நாதம் கேளாமற் போனால், அவர்கள் பாதி மிருதங்கத்தையே அறிந்தவராவர்.

சென்ற பொங்கல் விழாவில் அதுவே நேர்ந்தது. அன்பர்களின் நன்கொடையில் வாங்கிய தாழொலிப் பெட்டி, அதாவது கடைக்காரர்கள் சொல்லும் 'சப்வூஃபர்', மேடையருகே வீற்றிருந்தது. இருந்தும் தொப்பியின் ஒலி முன்னிலும் மெலிந்தே கேட்டது. 'பெட்டி சிறிது, இன்னொன்று வாங்குவோம்' என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. கட்டட நிதியில் கைவைக்கவும் சிலர் இசைந்துவிட்டனர். அதற்குமுன் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டுமென்று நாம் கேட்டுக்கொண்டோம். தனியே ஒலித்தபோது பெட்டி நன்றாக முழங்கிற்று. ஒலிபெருக்கிகளும் தனியே குறையின்றி ஒலித்தன. இரண்டும் சேர்ந்தபோதுதான் நாதம் குன்றிற்று.

காரணம் எளியது. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே வரும்போது காற்றை நெருக்குகிறது. பின்னே செல்லும்போது தளர்த்துகிறது. ஒன்று நெருக்கும் கணத்தில் மற்றொன்று தளர்த்தினால், ஒன்றின் உழைப்பை மற்றொன்று அழித்துவிடும். கர்ஜத்திலிருந்து லோனாவ்ளாவுக்கு மலையேறும் இரயிலை முன் எஞ்சின் இழுக்க, பின்னிருந்து துணை எஞ்சின்கள் உந்துவதுண்டு. அத்துணை எஞ்சின்கள் பின்னோக்கி இழுத்தால் வண்டி என்னாகும்?

இவ்வழிவு எல்லா ஒலிகளிலும் நேர்வதன்று. வினாடிக்கு 80 அதிர்வுகளை ஒட்டி ஓர் எல்லை வகுத்து, கீழுள்ளவற்றைத் தாழொலிப் பெட்டிக்கும், மேலுள்ளவற்றை ஒலிபெருக்கிகளுக்கும் பிரித்துவிடுவது பெரும்பாலும் வழக்கம். எல்லையை ஒட்டிய ஒலிகளை மட்டும் இரண்டும் சேர்ந்தே எழுப்புகின்றன. பூசல் அங்கேதான். தொப்பியின் ஆழ்ந்த நாதமும் ஏறத்தாழ அப்பகுதியில்தான் குடியிருக்கிறது.

முதற்கண் ஒலிபெருக்கிகள் இரண்டும் தம்முள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தோம். மின்பெருக்கியிலிருந்து கம்பிகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பாட்டரியின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும், எதிர்முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் தொட்டோம். இரண்டின் கூம்பும் முன்னோக்கியே அசைந்தன. உள்ளேயே மின்பெருக்கி அமைந்த பெட்டிக்கு இச்சோதனை ஆகாது.

கம்பிகள் சரியாயிருந்தும் பூசல் தீராதது ஏன்? ஒலி ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஏறக்குறைய 34 செ.மீ. செல்லும். 80 அதிர்வுள்ள அலையின் நீளம் சுமார் 4¼ மீட்டர். ஆகவே தாழொலிப் பெட்டி, ஒலிபெருக்கிகளைவிட 2 மீட்டர் அதிகத் தொலைவில் இருந்தால், அதன் அலை கேட்பவர் செவிக்குப் பாதி அலையளவு பிந்தி, தலைகீழாகவே வந்து சேரும். ஒலியைப் பிரிக்கும் மின்சுற்றும் அலையைத் தன் பங்குக்குத் திருப்பிவிடும். எனவே முடிவான தீர்ப்பு, கேட்பவர் அமரும் இடத்தில் செவி சொல்வதே.

அன்பர் ஒருவரை மண்டபத்தின் நடு இருக்கையில் அமர்த்தி, கைபேசியிலிருந்து 80 அதிர்வுள்ள சீரான ஒலியை எழுப்பினோம். தாழொலிப் பெட்டியின் பின்புறம் '0', '180' என்று இரு நிலைகள் கொண்ட விசை உண்டு. எந்த நிலை என்று சொல்லாமலே அதனை மாற்றி மாற்றி வைத்தோம். ஒரு நிலையில் ஒலி வறண்டு கிடந்தது; மறு நிலையில் மார்பில் வந்து மோதிற்று. முன்வரிசையிலும் பின்வரிசையிலும் கேட்டவர்களும் அதே நிலையைத்தான் குறித்தனர். ஓங்கி ஒலிப்பதே இணைந்த நிலை. எம் மண்டபத்தில் அது '180' ஆக இருந்தது. பெட்டி நிற்கும் இடத்தைத் தரையில் வண்ணத்தால் குறித்துவைத்தோம். இடம் மாறினால் சோதனையையும் மீண்டும் செய்யவேண்டும். இரு நிலைக்கும் வேறுபாடு தெரியாவிடில், பெட்டியைச் சிறிது முன்னோ பின்னோ நகர்த்திக் கேட்பது நலம்.

கட்டட நிதி அவ்வாறே இருக்கிறது. ஏனைய ஊர்ச் சங்கத்தாருக்கு நம் வேண்டுகோள் ஒன்றே: புதிய பெட்டிக்குப் பணம் திரட்டுமுன், இருக்கும் பெட்டிகள் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றனவா என்று ஐந்து நிமிடம் செவிகொடுத்துப் பாருங்கள்.