புல்லட் ஸ்டார்ட் பண்ண பலம் வேணாம் பாஸ்!

உங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழேயோ, மாட்டுக் கொட்டகை ஓரத்திலேயோ தார்ப்பாயைப் போர்த்திக்கிட்டு ஒரு பழைய வண்டி தூங்குதா? ‘இனிமே அது ஓடாது’னு வீட்ல எல்லாரும் தீர்ப்பு எழுதிட்டாங்களா? இரும்புக் கடைக்காரர் கையில சாவியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு பத்து நிமிஷம் இதைப் படிச்சிருங்க ப்ளீஸ்!

எங்க வீட்ல தூங்கினது பெரியப்பாவோட புல்லட் 350. 1985 மாடல். பஞ்சாயத்து யூனியன்ல ஓவர்சியரா இருந்தப்போ, குளித்தலையைச் சுத்தி அவர் போகாத கிராமம் கிடையாது. எல்லாம் அந்த வண்டியிலதான். வலது முழங்கால்ல ஆபரேஷன் ஆனதும், ‘இனி கிக்கர் பக்கமே போகக் கூடாது’னு டாக்டர் சொல்லிட்டார். அன்னிக்குப் போர்த்தின தார்ப்பாய். நாலு வருஷம் ஆச்சு.

அப்புறம் வந்தது ஆர்.சி. பிரச்னை. சொந்த உபயோக வண்டிக்கு முதல் 15 வருஷம் கவலை இல்லை. அதுக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டிப் புதுப்பிக்கணும். இன்னும் அஞ்சு வாரம்தான் பாக்கி. பார்க்க வந்த மெக்கானிக், ரெண்டு உதை உதைச்சுட்டு, “போர் போயிருச்சு, கிராங்க்கும் போயிருக்கும். செலவு பண்றது வேஸ்ட்டு”ன்னு சொல்லிட்டார். பெரியம்மா இரும்புக் கடைக்கு ஆள் அனுப்பிட்டாங்க. பெரியப்பா ஒண்ணும் பேசலை. தார்ப்பாயைத் திரும்ப இழுத்துவிட்டுட்டு உள்ளே போய்ட்டார். அந்த மௌனத்தைத்தான் என்னால தாங்க முடியலை. “அஞ்சு வாரம் என்கிட்ட விடுங்க”ன்னேன்.

“பொம்பளப் புள்ள, 46 கிலோ இருக்கே. 160 கிலோவுக்கு மேல இருக்கற வண்டியை நீ உதைப்பியா?” - இது பக்கத்து வீட்டுத் தாத்தா. நியாயமான சந்தேகம்தான்!

மூணே மூணு கேள்வி

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். ஆட்டோ சைக்கிள், டீசல் சைக்கிள்னு பி-வி டயகிராம் நிறைய வரைஞ்சாச்சு. ஆனா, ஓடாத ஒரு பெட்ரோல் இன்ஜின்கிட்ட கேட்க வேண்டியது மூணே மூணு கேள்விதான்... கம்ப்ரஷன் இருக்கா? பெட்ரோல் வருதா? சரியான நேரத்துல தீப்பொறி வருதா? இதைக் கேட்காம பாகத்தை மாத்த ஆரம்பிச்சா, பர்ஸ்தான் காலியாகும்.

அதுக்கும் முன்னாடி, ரொம்ப நாள் நின்ன வண்டியை எடுத்தவுடனே உதைக்காதீங்க. புல்லட்ல இன்ஜின் ஆயில் தனி அறையில இருக்கும். பம்ப் அங்கேயிருந்து இழுத்து எல்லாப் பக்கமும் அனுப்பும். வண்டி மாசக்கணக்கா நின்னா, அந்த ஆயில் பம்ப் வழியா மெள்ளக் கசிஞ்சு கிராங்க் கேஸுக்குள்ள குளம் கட்டிடும். அதனால முதல் வேலை, அடியில இருக்கற போல்ட்டுகளைக் கழட்டிப் பழைய ஆயிலை முழுக்க வடிக்கறது. அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா நாலஞ்சு சொட்டு ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விட்டேன். காய்ஞ்சு கிடக்கற பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கீறாம இருக்கறதுக்கு!

மறுநாள் புது ஆயில் ஊத்தி, பிளக்கை மாட்டி, கிக்கரை மெதுவா அழுத்தினேன். ஓரிடத்துல கல்லு மாதிரி நின்னுச்சு. அது மேலேயே ஏறி நின்னேன். 46 கிலோவையும் தாங்கிக்கிட்டு, இறங்குவேனான்னு அடம்பிடிச்சுது! ஊத்தின ஆயில் தர்ற பொய் கம்ப்ரஷனா இருக்குமோன்னு ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பவும் ஏறிப் பார்த்தேன். அதே கதை. போர் போகவே இல்லைங்க! ஓடி வந்து பெரியப்பாகிட்ட சொன்னதும்தான் மனுஷன் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து வண்டி பக்கத்துல உட்கார்ந்தார்.

பெட்ரோலும் பொறியும்

டேங்கைத் திறந்தா வார்னிஷ் வாசனை. பழைய பெட்ரோல் ஆவியாகிப் பிசினா நின்னுடுச்சு. டேங்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரிச்சேன். அதுக்குள்ள பைலட் ஜெட்னு ஒண்ணு இருக்கும். ஊசி முனை அளவு ஓட்டை. அது அடைச்சா வண்டி ஐடிலிங்ல நிக்காது. கம்பியை விட்டுக் குத்தினா ஓட்டை பெரிசாகி அளவு கெட்டுடும். கிளீனர்ல ஊற வெச்சு, பஞ்சர் கடையில காத்து அடிச்சா போதும். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவிகிதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். அதனால பெட்ரோல் ட்யூபையும் மாத்திட்டேன்.

அடுத்தது பொறி. இந்தக் காலத்து வண்டியில எல்லாம் எலெக்ட்ரானிக். பழைய புல்லட்ல ‘பாயின்ட்’தான். ரெண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒட்டிக்கிட்டு இருக்கும். பிரியற அந்தக் கணத்துல பிளக்குல பொறி வரும். முழுசாப் பிரியறப்போ இடைவெளி 0.35-லேர்ந்து 0.40 மில்லிமீட்டர் இருக்கணும். நாலு வருஷப் பாசியைத் தேய்ச்சு எடுத்து, ஃபீலர் கேஜ் வெச்சு சரி பண்ணினேன். இடைவெளி மாறினா டைமிங்கும் மாறிடும். அதனால இடைவெளி முதல்ல, டைமிங் அடுத்து.

டைமிங் பார்க்கப் பெரியப்பா ஒரு வித்தை காட்டினார் பாருங்க! மெல்லிசுக் காகிதத் துண்டைப் பாயின்ட்டுக்கு நடுவுல சொருகி லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டார். நான் இன்ஜினை மெள்ளச் சுத்தினேன். காகிதம் சடக்குனு உருவி வந்த இடம்தான் பாயின்ட் திறக்கிற இடம். டப்பெட்டுக்கும் அப்படித்தான். இன்ஜின் ஆறியிருக்கணும். புஷ் ராடை விரல்ல பிடிச்சு உருட்டினா உருளணும், மேலும் கீழும் ஆட்டினா ஆடக் கூடாது. “விரலுக்குத் தெரியும் பாப்பா”ன்னார்.

அம்மீட்டர் சொல்ற ரகசியம்

இப்ப உதைக்கணும். பக்கத்து வீட்டுத் தாத்தா காம்பவுண்டு சுவர்ல வந்து நின்னுட்டார்!

சும்மா எம்பி எம்பி உதைக்கறவங்களைத்தான் புல்லட் திருப்பி உதைக்கும். முறை வேற. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவா அழுத்துங்க. ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கற அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ஞ்சு ஆடும். பிஸ்டன் உச்சிக்கு வர்ற நேரத்துல, இறுக்கம் கூடி, முள் நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்துடுச்சுன்னு அர்த்தம். இப்ப இடது கைப்பக்கம் இருக்கற டீகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சா அடைபட்ட காத்து வெளியே போகும். கிக்கரைக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டுட்டு, கிக்கரை மேலே வர விடுங்க. அப்புறம் ஒரே ஒரு முழு உதை. பிஸ்டன் உச்சியைத் தாண்டி நிக்கறதால, அடுத்த இறுக்கம் வர்றதுக்குள்ள ஃப்ளைவீல் வேகம் எடுத்துடும். மிச்சத்தை அது பார்த்துக்கும். இதுல 46 கிலோவா 86 கிலோவாங்கற பேச்சுக்கே இடமில்லை!

மூணாவது உதையில... டுபு... டுபு... டுபு! பெரியம்மா அடுப்பை அணைச்சுட்டு வாசலுக்கு வந்துட்டாங்க.

ஆனா, கதை முடியலை. பத்து நிமிஷம் ஓடி, இன்ஜின் சூடானதும் நின்னு போச்சு. ஆறினா ஓடும், சூடானா நிக்கும். நாலு நாள் இதே பாட்டு. ஆர்.டி.ஓ. தேதிக்கு எட்டு நாள்தான் பாக்கி. இரும்புக் கடைக்காரர் வேற போன் பண்ணிட்டார். பெரியப்பா கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தைக் கேட்டார். “பெட்ரோல் இல்லாம சாகறது இப்படி இருக்காது. அது இழுத்து இழுத்து சாகும். இது இருமுது. கரன்ட்டுதான்.” சாயங்காலம் வாசல் விளைக்கை அணைச்சுட்டு, பாயின்ட் மூடியைக் கழட்டி, வண்டியை ஓட விட்டுப் பார்த்தோம். சூடாக ஆக, பாயின்ட்ல மஞ்சளும் நீலமுமா பொறி கொட்டுது. பிளக்குக்குப் போக வேண்டிய சக்தி அங்கேயே வீணாகுது. அதைத் தடுக்கறது கண்டென்ஸரோட வேலை. அப்போ அதுதான் குற்றவாளி! கட்டை விரல் அளவு பாகம், ரெண்டு பிரியாணி விலைக்குள்ள முடிஞ்சுது. மாத்தினோம். முக்கால் மணி நேரம் நிக்காம ஓடிச்சு.

1955-ல மெட்ராஸ்ல இந்த வண்டியைச் செய்ய கம்பெனி ஆரம்பிச்சாங்க. தாய்வீடான இங்கிலாந்துல 1970 வாக்குல கடையையே கட்டிட்டாங்க. திருவொற்றியூர்ல மட்டும் புல்லட் தொடர்ந்து பிறந்துக்கிட்டே இருந்துச்சு. அப்படிப் பிழைச்ச வண்டிக்கு நாலு வருஷத் தூக்கம் ஒரு விஷயமா?

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நான்தான் ஓட்டிட்டுப் போனேன். வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். பழக ஒரு வாரம் ஆச்சு. பின் சீட்ல பெரியப்பா. கடம்பர் கோயில் பக்கம் திரும்பறப்போ, “சத்தம் கேக்குதா? மூணாவதுக்கு வா”ன்னார். வந்தேன். தோளைப் பிடிச்சிருந்த கை கொஞ்சம் தளர்ந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. இப்பல்லாம் ஞாயிறு காலையில அவர் கிக்கர் பக்கம் போறதில்லை. சாவியைப் போட்டுட்டு, அம்மீட்டரைக் காட்டி, “முள் நடுவுக்கு வந்திருச்சு பாப்பா”ன்னு சொல்லுவார். உதைக்கறது நான்!

உங்க வீட்டு வண்டிக்கு வருவோம். இந்த ஞாயித்துக்கிழமை தார்ப்பாயை எடுங்க. ஆயிலை வடிங்க. பிளக்கைக் கழட்டிப் பாருங்க. கூடவே, அந்த வண்டியை ஓட்டினவருக்கு ஒரு நாற்காலி போடுங்க. எந்த சர்வீஸ் மேனுவல்லயும் இல்லாத பக்கம் அவர்கிட்ட இருக்கும். அப்புறம்... கிளம்பறப்போ ஹெல்மெட் மறக்காதீங்க மக்களே. ரெண்டு பேருக்கும்!