பிழைத்துக் கிடந்தால் மட்டும் போதுமா?

ஜூன் 4

'டெத்ஸ் எண்ட்' நாவலை எடுத்தாயிற்று. லியு சிஷினின் முத்தொகுதியில் கடைசிப் பாகம். சீனத்தில் 2010-இல் வந்தது. கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016-இல் வெளியானது. முதல் பாகமான 'த த்ரீ பாடி ப்ராப்ளம்' 2015-இல் ஹியூகோ விருது வாங்கியபோது, மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. ஷான்ஷி மாகாணத்தில் ஒரு மின்நிலையத்தில் கணினிப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் லியு.

கடைசிப் பாகத்தைத் திறக்கும்போதே ஒரு கேள்வி எழுகிறது: இது எதற்கு? இரண்டாவது பாகம் முடிந்த இடத்திலேயே கதை முடிந்துவிட்டதே! பூமியைப் பிடிக்கப் படையோடு கிளம்பிய ட்ரைசோலாரியரை லுவோ ஜி என்ற ஒற்றை ஆள் ஒரே மிரட்டலில் நிறுத்திவிட்டார். இரண்டு உலகமும் எங்கே இருக்கின்றன என்று அண்டத்துக்கே ஒலிபரப்பிவிடுவேன் என்பதுதான் மிரட்டல். அதன் பின்னால் இருக்கும் கணக்கு எளியது. எந்த நாகரிகத்துக்கும் முதல் தேவை உயிரோடிருப்பது. நாகரிகங்கள் பெருகிக்கொண்டே போகும், அண்டத்திலுள்ள பொருளோ பெருகாது. ஒருவர் மனம் இன்னொருவருக்குத் தெரியாது. இன்று பலவீனமாக இருப்பவன் நாளைக்கே நம்மை மிஞ்சிவிடலாம். ஆகவே எவன் இருப்பது தெரிந்தாலும் அவனை முந்திக்கொண்டு அழித்துவிடுவதே புத்திசாலித்தனம். அண்டம் ஓர் இருண்ட காடு; அதில் குரல் கொடுத்தவன் தொலைந்தான்.

குறை சொல்ல முடியாத தர்க்கம். அதனாலேயே பயமாக இருக்கிறது. இந்தத் தர்க்கத்தின் கீழ் காலமெல்லாம் வாழ நேர்ந்தால் என்னவாகும் என்பதை இரண்டாம் பாகம் சொல்லவில்லை. மூன்றாம் பாகம் அங்கேதான் தொடங்கியாக வேண்டும்.

ஜூன் 5

தொடங்கியதோ 1453-இல்! ஒட்டோமான் படை கான்ஸ்டான்டிநோபிளைச் சூழ்ந்து நிற்கிறது. ஹெலெனா என்ற பெண்ணுக்கு ஓர் அபூர்வ சக்தி. மண்டையோட்டில் கீறல் விழாமல் உள்ளேயிருக்கும் மூளையை எடுத்துவிடுவாள். சுல்தானைக் கொன்று நகரைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுக்கிறாள். வேண்டிய நேரத்தில் சக்தி போய்விடுகிறது. நகரமும் விழுகிறது.

விண்கலமும் வேற்றுலகமும் எதிர்பார்த்து வந்த வாசகருக்கு இது வழி தவறிய அத்தியாயம் போலத் தோன்றலாம். இதற்குள் வைத்திருக்கும் அறிவியல் பிறகுதான் புரிகிறது. நான்காம் பரிமாணத்தின் ஒரு துண்டு அந்த ஊரைக் கடந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். வாசலில் போட்ட கோலத்துக்குள் ஓர் உயிர் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். சுற்றி வளைத்த கோடு அதற்குத் தாண்ட முடியாத மதில். மேலே நிற்கும் நமக்கோ கோட்டைத் தொடாமலே உள்ளே விரலை வைக்க முடியும். அப்படித்தான் நான்காம் பரிமாணத்தில் நிற்பவருக்கு நம் மண்டையோடும். பூட்டிய பெட்டி, மூடிய அறை, உடம்பின் உட்பக்கம் எல்லாமே அவர் கண்ணுக்குத் திறந்து கிடக்கும்.

ஜூன் 8

யுன் தியன்மிங் பகுதி. நெட்ஃபிளிக்ஸ் தொடர் 2024-இல் வந்தபோது முதல் பருவத்திலேயே இந்தக் கதையை வேறு பெயர்களில் சேர்த்துவிட்டார்கள். அதனால் நிகழ்ச்சிகள் தெரிந்தவைதான். இருந்தும் நூலில் படிக்கும்போது நெஞ்சை அடைக்கிறது.

வந்துகொண்டிருக்கும் எதிரிப் படைக்குள் ஓர் ஒற்றனை அனுப்ப வேண்டும். செங் ஷின் என்ற இளம் பொறியாளர் ஒரு வழி சொல்கிறாள். பாதை நெடுக அணுகுண்டுகளை வரிசையாக மிதக்கவிட்டு, கலம் கடக்கும்போது ஒவ்வொன்றாக வெடிக்க வைத்தால், அந்தக் கதிர்வீச்சு அதன் பாயைத் தள்ளித் தள்ளி ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு வரை கொண்டுபோய்விடும். எடைதான் இடிக்கிறது. ஒரு முழு மனிதனை ஏற்ற முடியாது. உளவுத்துறைத் தலைவர் தாமஸ் வேட் அலட்டிக்கொள்ளாமல் முடிவெடுக்கிறார்: மூளையை மட்டும் அனுப்பு.

யாருடைய மூளை? சாகக் கிடக்கும் கல்லூரித் தோழன் யுன் தியன்மிங்கின் மூளை. அவன் தனக்கு எதிர்பாராமல் கிடைத்த பணம் முழுவதையும் கொட்டி, செங் ஷின்னுக்கு ஒரு நட்சத்திரத்தை வாங்கிப் பரிசளித்திருக்கிறான், பெயர்கூடச் சொல்லாமல். கருணைக்கொலை அறையில் அவன் இருக்கும்போது அவள் ஓடி வந்து தடுக்கிறாள். தன்னைக் காப்பாற்ற வந்தாள் என்று அவன் நினைக்கிறான். அவளோ அவன் மூளையைக் கேட்க வந்திருக்கிறாள். நட்சத்திரம் யார் தந்தது என்று பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. லியுவுக்குப் பாத்திரங்களின் மனம் பிடிபடாது என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கங்களை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

ஜூன் 11

வாள் கைமாறும் இடத்துக்கு வந்துவிட்டேன். முத்தொகுதியிலேயே அதிகம் சண்டை போடப்படும் இடம் இது.

அந்த ஒலிபரப்புக்கான பொத்தானை அரை நூற்றாண்டாகக் காத்து வந்த லுவோ ஜி கிழவராகிவிட்டார். அடுத்த 'வாளேந்தி'யாக மக்கள் செங் ஷின்னைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொறுப்பு அவள் கைக்கு வந்த சில நிமிடங்களில் ட்ரைசோலாரியர் தாக்குகிறார்கள். அவள் பொத்தானை அழுத்தவில்லை. மனித குலம் மொத்தமும் ஆஸ்திரேலியாவுக்குள் அடைக்கப்படுகிறது. சோறு இல்லை, மின்சாரம் இல்லை. ஒருவரை ஒருவர் தின்று பிழைக்கச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு முன்பே படித்து முடித்த தம்பி ராத்திரி போன் செய்தான்.

"எங்கக்கா இருக்க? ஆஸ்திரேலியா வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"இப்ப சொல்லு. அந்தப் பொண்ணு ஒருத்தியாலதானே எல்லாம் நாசமாப் போச்சு? பட்டனை அமுக்கியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"அமுக்கியிருந்தா ரெண்டு உலகமும் முடிஞ்சிருக்கும்டா. யாரைக் காப்பாத்த அமுக்கணும்ங்கிற?"

"லுவோ ஜி அமுக்கியிருப்பார்."

"அமுக்குவார்னு எதிரி நம்பினான். அதனால அவர் அமுக்க வேண்டியே வரலை. இவ அமுக்கமாட்டான்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சுதானே ஓட்டுப் போட்டாங்க?"

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடுவதாக இல்லை. நூலில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். தங்களைக் காப்பாற்றிய லுவோ ஜியைக் கண்டு அந்த மக்களே பயந்தார்கள். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்த மனிதரை, முன்பு ஓர் உலகத்தை அழித்தார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்ய ஆள் அனுப்பினார்கள். வேட் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டு செங் ஷின்னைச் சுட்டே விட்டார். அவர் பொத்தானை அழுத்தக்கூடியவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு தாயின் முகம். கூட்டத்திலிருந்து ஓர் இளம் தாய் தன் கைக்குழந்தையைச் செங் ஷின்னிடம் கொடுக்கிறாள். குழந்தையை வாங்கிய அந்தக் கணத்தில் அவள் விதி முடிவாகிவிடுகிறது. காவலுக்கு ஆள் தேடியவர்கள் தங்கள் மனசாட்சிக்கு ஆறுதல் தரும் முகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் விலையை அவள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா?

ஜூன் 12

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். எனக்கு லியுவிடம் கோபம் உண்டு. அமைதியில் பழகிப்போன அந்தக் காலத்து மனிதர்களைக் காட்ட, ஆண்களெல்லாம் பெண்களைப் போல ஆகிவிட்டதாக எழுதுகிறார். மென்மை என்றால் பெண்மை, பெண்மை என்றால் பலவீனம் என்ற பழைய சூத்திரம் ஒரு பக்கம் மட்டும் தலைகாட்டிப் போகவில்லை. கதையின் அஸ்திவாரத்திலேயே கிடக்கிறது. உறுதியான முடிவெடுப்பவர்கள் லுவோ ஜியும் வேடும். தடுமாறுகிறவள் செங் ஷின். முதல் பாகத்தில் யே வென்ஜியே என்ற விஞ்ஞானியை, ஒரு உலகத்தின் விதியையே தனியாளாக மாற்றிய பெண்ணை எழுதிய கைதானே இது? பல வாசகர்கள் செங் ஷின்மேல் காட்டும் வெறுப்புக்குத் தூபம் போட்டது ஆசிரியரே என்று நினைக்கிறேன்.

ஜூன் 15

ஆஸ்திரேலியாவிலிருந்து மனிதர்கள் மீண்டுவிட்டார்கள். அடுத்து மூன்று தேவதைக் கதைகள். எதிரிகளிடம் இருக்கும் யுன் தியன்மிங், அவர்கள் கண்காணிப்பிலேயே செங் ஷின்னிடம் குழந்தைக் கதை சொல்வது போல ரகசியத்தைச் சொல்லி அனுப்புகிறான். யாரை ஓவியமாக வரைந்தாலும் அவர் உலகிலிருந்து மறைந்து படத்துக்குள் போய்விடும் ஓவியன், சுழன்றுகொண்டே இருக்க வேண்டிய குடை, எவ்வளவு தூரம் போனாலும் உருவம் சிறுக்காத இளவரசன், வினோதமான ஒரு சோப்பு.

சோப்புத் துண்டைப் பின்னால் ஒட்டிய காகிதப் படகு தண்ணீரில் தானாக ஓடும். சோப்பு பின்பக்கத்து நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. முன்பக்கத்து நீர் படகை இழுத்துக்கொள்கிறது. அதையே வெளிக்குப் பொருத்தினால், பின்னால் உள்ள வெளியின் வளைவை நிமிர்த்தி, முன்னால் உள்ள வெளியால் இழுக்கப்பட்டு ஒளி வேகத்தில் ஓடும் கலம் கிடைக்கிறது. மனிதர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஓவியனின் எச்சரிக்கை மட்டும் பிடிபடவில்லை. அந்தக் கதைகளுக்குத் திரும்பிப் போய்ப் படித்தேன். எல்லாம் கண்முன்னேதான் இருக்கிறது.

கண்டுபிடித்ததையும் தடை செய்கிறார்கள். ஒளி வேகக் கலம் விட்டுச்செல்லும் தடம் பூமியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் ஒன்று. சிலர் மட்டும் தப்பிவிடுவார்களோ என்ற பொறாமை இன்னொன்று. தடையை மீறி ஆயுதமேந்தத் தயாராகும் வேட், முடிவு உன்னுடையது என்று செங் ஷின்னுக்குக் கொடுத்த வாக்குக்காக அவள் நிறுத்தச் சொன்னதும் நிறுத்திவிடுகிறார். உயிரும் போகிறது. வாக்கை மதித்த வில்லன் வேட். போர் வேண்டாம் என்று சொல்லிப் பேரழிவுக்கு வழிவிட்டவள் செங் ஷின். இருவரில் எவரையும் எளிதாகத் தூக்கி எறிய லியு இடம் வைக்கவில்லை.

ஜூன் 19

சூரியக் குடும்பம் தட்டையாகும் பகுதியை ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.

பணப்பையில் வைக்கும் அட்டையைவிடச் சற்றே பெரிய ஒரு தகடு. அதை அனுப்பிய வேற்றுலகவாசிக்கு அது சலிப்பான தினப்படி வேலை. பாடிக்கொண்டே வீசிவிட்டுப் போகிறது. தகடு தொட்ட இடத்தில் முப்பரிமாண வெளி இருபரிமாணத்துக்குள் விழத் தொடங்குகிறது. கோள்கள், கடல்கள், விண்நகரங்கள், மனிதர்கள், எல்லாம் அகலமும் நீளமும் மட்டும் உள்ள ஒரு படமாகின்றன. ஒளி வேகத்தில் ஓடினால்தான் தப்பலாம். கலம் கட்ட வேண்டாம் என்று தடுத்தாயிற்றே. இருப்பது ஒரே ஒரு கலம்.

முதல் அத்தியாயம் எதற்கு என்று இங்கே விளங்கியது. அங்கே மேல் பரிமாணத்திலிருந்து பார்த்தவளுக்கு உடம்பின் உட்பக்கம் தெரிந்தது. இங்கே கீழ்ப் பரிமாணத்தில் விழுகிறவரின் உட்பக்கமெல்லாம் பரப்பி வைக்கப்படுகிறது. ஒரு நரம்பு விடாமல், ஓர் அணு விடாமல். ஒன்றுமே மறைந்திருக்க முடியாத மரணம்.

புளூட்டோவில் மனித குலத்தின் நினைவகம். அதன் காவலர் யார் தெரியுமா? அதே லுவோ ஜி. பத்துக் கோடி ஆண்டுக்குத் தகவலை எப்படிக் காப்பது என்று அறிவியல் முழுவதையும் அலசிவிட்டு, கல்லில் எழுத்தை வெட்டுவதே வழி என்று முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நாவலின் முடிவுக்கு அருகில் செங் ஷின் ஒரு கோளில் ஏறத்தாழ 1.89 கோடி ஆண்டு தாமதமாக வந்து சேர்கிறாள். அங்கே வாழ்ந்து மறைந்த யுன் தியன்மிங்கும் அவள் தோழி ஏ.ஏ.யும் விட்டுச்சென்ற செய்தி பாறையில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. இத்தனை பெரிய அறிவியலை எழுதியவர், கடைசியில் மனிதர்களின் கையில் உளியைக் கொடுத்துவிடுகிறார்.

ஜூன் 22

முடித்துவிட்டேன். நான் நினைப்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அண்டம் முதலில் பத்துப் பரிமாணங்களோடு இருந்தது என்கிறது நாவல். ஒருவரை ஒருவர் அழிக்க இயற்கை விதிகளையே ஆயுதமாக்கிப் பரிமாணங்களை ஒவ்வொன்றாக உடைத்துப்போட்டார்கள். ஒளியின் வேகத்தையும் அடித்துக் குறைத்தார்கள். நமக்கு அழகாகத் தெரியும் இந்த வானம், நம் பௌதிக விதிகள் எல்லாமே பழைய போர்களின் இடிபாடு. முந்திக்கொண்டு அழித்தவர்கள் எல்லாரும் அவரவர் கணக்கில் பிழைத்தார்கள். அத்தனை கணக்கையும் கூட்டிப் பார்த்தால் காடே போய்விட்டது. இரண்டாம் பாகம் அந்தத் தர்க்கத்தை நிறுவியது. மூன்றாம் பாகம் அதற்கான பில்லை நம் கையில் கொடுக்கிறது. இது எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில். இந்தப் பாகம் இல்லாவிட்டால் முத்தொகுதி மிரட்டலின் வெற்றியாகவே நின்றுபோயிருக்கும்.

கடைசியில் செங் ஷின்னும் அவள் துணையான குவான் யீஃபானும் ஒரு குட்டி அண்டத்தில் பத்திரமாக இருக்கிறார்கள். பேரண்டத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வருகிறது, பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மொழிகளில். ஆளாளுக்குக் குட்டி அண்டம் கட்டிப் பொருளை எடுத்துக்கொண்டதால் பேரண்டம் மீண்டும் சுருங்கிப் புதிதாகப் பிறக்க முடியாமல் போகும். எடுத்ததைத் திருப்பித் தாருங்கள். அவர்கள் திருப்பித் தருகிறார்கள். எல்லாவற்றையும் அல்ல. குட்டி மீன்கள் நீந்தும் ஐந்து கிலோ கண்ணாடிக் கோளம் ஒன்றை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

தம்பி இன்று மறுபடியும் சொன்னான்: "பாத்தியாக்கா, கடைசிலயும் அவ திருந்தலை. அந்த அஞ்சு கிலோவால அண்டம் போச்சுன்னா?"

போகலாம். நாவலும் போகாது என்று உறுதி தரவில்லை. செங் ஷின் ஆரம்பத்திலிருந்தே கண்முன் நிற்கும் உயிரைக் கணக்குக்காகக் கைவிட முடியாதவள். அன்று கைக்குழந்தை, இன்று மீன். அது அவள் குறை என்றால் குறைதான். ஐந்து கிலோ குறைந்தால் ஆபத்து என்ற நிலைக்கு அண்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டாமா? பொத்தானை அழுத்தத் தயங்காதவர்கள். யுகயுகமாக, ஒருவர் விடாமல், பிழைத்துக் கிடந்தால் போதும் என்று முந்திக்கொண்டவர்கள். இத்தனை பெரிய கதையில் பத்திரமான இடத்தை விட்டுவிட்டுக் கையில் இருந்ததைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய மனிதர்களில் ஒருத்தி செங் ஷின். முட்டாள் என்று அவளுக்குப் பட்டம் கட்டுகிறவர்கள் மூன்று பாகத்தையும் படித்தும் இருண்ட காட்டிலேயே நின்றுவிட்டார்கள் என்றுதான் சொல்வேன். தம்பியிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.