முக்திநாத்துக்கு ஏற்ற காலம்

2025, தை 4

நேற்று ஓசூரில் எடுத்த எக்கோ பரிசோதனைதான் இந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கச் செய்தது. சிறு பிராயத்தில் வந்து, வெறும் மூட்டுவலி என்று எல்லோரும் மறந்துவிட்ட ஒரு காய்ச்சல், என் மனைவியின் இருதயத்தில் மைட்ரல் வால்வைச் சிறுகச் சிறுக இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது என்றும், அந்தக் குறுகிய வாயிலைக் கடக்க மாட்டாத ரத்தம் நுரையீரலில் தேங்குவதால்தான் மார்கழியில் கோயில் படியேறும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு வாங்கிற்று என்றும் டாக்டர் நிதானமாக விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "முக்திநாத் போகலாங்களா?"

உயரம் எவ்வளவு என்றார் டாக்டர். ஏறத்தாழ 3,700 மீட்டர் என்றேன். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கீழே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இராது. அது குறையக் குறைய நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தாமே சுருங்கும். ஏற்கெனவே அழுத்தம் மிகுந்த இடத்தில் மேலும் அழுத்தம் ஏறும். தொடை நாளத்தின் வழியாகப் பலூன் செலுத்தி வால்வை விரித்தபின் பார்க்கலாம் என்றார்.

நாகரசம்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் காவேரிப்பட்டணம் வரை அவள் பேசவில்லை. பிறகு, "எந்த மாசம் போனா குளிர் கம்மியா இருக்கும்னு பாத்து வையுங்க" என்றாள்.

தை 12

வைஷ்ணவ திவ்ய தேசங்கள் நூற்றெட்டில் பாரத பூமிக்குள் இருப்பவை 105. திருப்பாற்கடலும் பரமபதமும் இவ்வுலகத்தைச் சேர்ந்தவை அல்ல. எஞ்சிய ஒன்று நேபாளத்துத் திருச்சாளக்கிராமம். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பத்துப் பாசுரங்களால் பாடிய அந்தத் தலமாக முக்திநாத்தைக் கொண்டுதான் நம் ஊர்ப் பக்கத்துப் பஜனைக் கோஷ்டியார் யாத்திரை போய் வருகிறார்கள்.

பட்டர் தம் இல்லத்துச் சாளக்கிராமம் ஒன்றை இன்று காண்பித்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் கல். ஒரு பக்கம் பிளந்திருக்க, பிளவுக்குள் ஆட்டுக்கடாக் கொம்பைப் போல வரிவரியாய்ச் சுருண்ட ஒரு சக்கரம். இமயம் எழும்புமுன் அங்கே கிடந்த டெதிஸ் என்னும் சமுத்திரத்தில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த பிராணியின் ஓடு படிந்த கல் அது என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்வதைப் பட்டரிடம் சொன்னேன். "கடலில் சயனித்தவர்தானே, வாத்தியாரய்யா" என்றார் அவர். எனக்கும் இரண்டில் ஒன்றைத் தள்ள வேண்டிய அவசியம் தோன்றவில்லை.

மாசி 9

தோப்பெங்கும் பூ. முக்திநாத்தில் இப்போது பனி.

பங்குனி 20

பங்குனியும் சித்திரையும்தான் உத்தம காலம் என்று யாத்திரை நடத்துபவர் சொல்கிறார்: பனி உருகி வழி திறந்திருக்கும், வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். சிகிச்சையை இம்மாதமே முடித்துவிடலாம் என்று டாக்டரும் சொன்னார். "காய் இறங்கட்டும்" என்கிறாள் இவள். மாங்காயையும் இருதயத்தையும் ஒரே தராசில் வைக்கிறாளே என்று இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

வைகாசி 15

பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபது நிமிஷம். ஆனால் அன்னபூர்ணா, தௌலகிரி என்று 8,000 மீட்டரைத் தாண்டிய இரு சிகரங்களின் இடுக்கில் ஓடும் காளி கண்டகியின் பள்ளத்தாக்கு அது. வெயில் ஏற ஏற வடக்கே பீடபூமி சூடேறி, அங்கே இலேசாகி மேலெழும் காற்றின் இடத்தை நிரப்பத் தெற்கத்திக் காற்று அவ்விடுக்கு வழியே பெருவேகத்துடன் புகுவதால், முற்பகலுக்குப் பின் விமானங்கள் அங்கே போவதில்லை. 2022 மே 29 அன்று அவ்வழியே சென்ற சிறு விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் மாண்டார்கள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜீப்பில் போனால் மண்சரிவுப் பயம் உண்டு. எனினும் ஜோம்சோமில் 2,700 மீட்டரில் இரவு தங்கி மெள்ள ஏறினால் தேகம் பழகிக்கொள்ளும். ராணிபௌவாவில் ஜீப் நின்றுவிடும். அதற்குமேல் படிகள், முடியாதவர்களுக்குக் குதிரை. கோயிலின் பின்புறம் நூற்றெட்டுத் தாரைகளில் உறையும் நிலையிலிருக்கும் நீர் கொட்டுமாம். அந்தத் தாரைகளின் கீழ் இவளை நிறுத்தி நினைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஆனி 10

பெங்களூரா மாங்காய் கிலோ ஐந்து ரூபாய்க்கும் போகவில்லை. பறிகூலி கட்டாதென்று மரத்திலேயே விட்டவர்கள் பலர். யாத்திரைக்கென்று நினைத்திருந்த பணம் அது.

ஆடி 18

பெருக்கு. தென்பெண்ணைக்கு அவளை அழைத்துப் போகவில்லை.

ஆடி 27

பெங்களூரில் முடிந்தது. விழித்ததும் காபி கேட்டாள்.

ஆவணி 14

மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ பார்க்காமல் மலையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது உத்தரவு. மழை ஓய்ந்த புரட்டாசிக் கடைசியில் ஒரு கோஷ்டி புறப்படுகிறது. அதில் நான் மட்டுமாவது சேர வேண்டுமென்று இவள் விடாமல் வற்புறுத்துகிறாள். இப்போதெல்லாம் பெருமாள் விளக்கேற்றுவது, திருவாராதனக் கிரமம், ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதுவரை எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். சிகிச்சைக்குப் பிறகு ஓய்வு வேண்டும் அல்லவா. நானும் சிரத்தையாகக் கற்கிறேன்.

ஆவணி 25

காத்மாண்டு பற்றியெரிகிறது. நேற்று முன்தினம் இளைஞர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம். நேற்றுப் பிரதம மந்திரி ராஜிநாமா. பார்லிமெண்டுக் கட்டடத்துக்குத் தீ. விமான நிலையம் மூடல். புரட்டாசி யாத்திரை ரத்து என்று தகவல் வந்தது. அத்தனை பிள்ளைகள் மாண்ட செய்தியைப் படித்து நெஞ்சு கனத்திருந்த அதே வேளையில், இவளை விட்டுப் போக வேண்டியதில்லை என்று உள்ளே ஒன்று ஆறுதலடைந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

புரட்டாசி 5

மகன் வேலை செய்யும் ஓசூர் ஆலையின் வாயிலில் இரவுக் காவலிருக்கும் நேபாளத்து இளைஞனுடன் இன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். பாக்லுங் ஜில்லாக்காரன்; பொக்காராவிலிருந்து முக்திநாத் செல்லும் சாலை அவன் ஊர்ப்பக்கமாகத்தான் போகிறது. தசைன் பண்டிகைக்காக ரயிலில் கோரக்பூர் போய், சுனௌலியில் எல்லையைக் கடந்து வீடு சேர்வான். கலவரத்தால் தடங்கல் உண்டோ என்று கேட்டேன். "கிராமத்துல ஒண்ணுமில்ல சார். அம்மா இருக்காங்க, போகணும்" என்றான்.

அங்கே போக எது நல்ல காலம், தம்பி, என்று எல்லோரையும் கேட்பதுபோல் அவனையும் கேட்டேன். சற்று யோசித்தான். "லீவு குடுத்தா எல்லாம் நல்ல காலம்தான் சார்." முக்திநாத் தரிசனம் செய்ததுண்டா என்றேன். இல்லையாம். அவன் தாயாரும் போனதில்லை. அவன் வீட்டு மாடியிலிருந்து தௌலகிரி தெரியும்; அம்மா காலையில் அந்தத் திசை நோக்கிக் கும்பிட்டுவிட்டு மாட்டுக்குத் தீனி வைப்பாள் என்று, கையால் திசையையும் காட்டிச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து இதை இவளிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

ஐப்பசி 22

கிருஷ்ணகிரியில் சாலையோரம் கடை போட்டிருக்கும் திபெத்துக்காரரிடம் ஸ்வெட்டர் வாங்கி வந்திருக்கிறாள். என் அளவு. குரங்குக் குல்லாவும் ஒன்று. நல்ல கம்பளி, பேரம் பேசி வாங்கினாளாம்.

கார்த்திகை 8

எக்கோ. வால்வு நன்றாக விரிந்திருக்கிறது. நுரையீரல் அழுத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் வேண்டிய அளவு குறையவில்லை. பங்குனியில் மறுபடி பார்ப்போம் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரிப் படிகளை நிற்காமல் இறங்கினாள்.

மார்கழி 16

நேற்று வைகுண்ட ஏகாதசி. இவ்வாங்கில வருஷத்தில் இரண்டாவது. சொர்க்கவாசல் கூட்டத்தில் அவள் மூச்சு வாங்காமல் நின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சித்திரைக் கோஷ்டிக்கு ஆள் சேர்க்கிறார்கள். நேபாளத்தில் மார்ச் 5-ஆம் தேதி தேர்தல் என்று அறிவித்திருக்கிறார்கள். அது அமைதியாக நடந்தால் போகலாம் என்கிறார் யாத்திரை நடத்துபவர். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாதாகையால் சேலம் சென்று ராப்திசாகரில் ஏற வேண்டும். முன்பதிவோ அறுபது நாளைக்கு முன்புதான் திறக்கும். பங்குனி எக்கோவுக்கு முன்பே டிக்கெட் எடுத்தாக வேண்டும். முன்பணம் ஒருவருக்கா இருவருக்கா என்று போனில் கேட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. பொங்கலுக்குள் சொல்வதாகச் சொல்லி வைத்தேன்.