கரித்தூளும் கல்தூளும்

ஒரு குடும்பம் உடைந்துபோனால், "இந்தச் சின்ன விஷயத்துக்கா?" என்றுதான் ஊர் கேட்கும். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கும். சபையில் யாரை முதலில் அழைப்பது என்பதில் ஒரு சொல் தடித்திருக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது? எழுபதைத் தாண்டிய வயதில், நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு இது விளங்கியது.

1844 செப்டம்பர் 28 அன்று, இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியிலுள்ள ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்தது. பெரியவர்களும் சிறுவர்களுமாக 95 பேர் மாண்டனர். விசாரிக்க அரசு அனுப்பியது விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயையும் நிலவியலாளர் சார்லஸ் லயலையும். முதலில் தீப்பற்றியது மீத்தேன் வாயு. ஆனால் முட்டுக்கட்டைகளிலும் சுவர்களிலும் கருகி அப்பியிருந்த கரித்தூளும் அவர்கள் கண்ணில் பட்டது. வாயு மூட்டிய தீயைத் தூள்தான் வளர்த்தது என்று எழுதிக்கொடுத்தார்கள். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1870களில் வில்லியம் கேலவே என்ற சுரங்க ஆய்வாளர் சோதனைகள் செய்து காட்டி இதையே சொன்னார். அப்போதும் பலர் நம்பவில்லை. 1906 மார்ச் 10 அன்று பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் இறந்தபிறகுதான் தூளின் மேல் உலகத்துக்குப் பயம் வந்தது.

கரிக்கட்டி எரிவது, காற்று படும் மேற்பரப்பில் மட்டும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கனசதுரங்களாக நொறுக்கினால் பத்து லட்சம் துகள்கள். மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். இருந்தாலும், தரையில் படிந்து கிடக்கும்வரை அந்தத் தூள் வெடிப்பதில்லை. எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் வாயு வெடித்தால், அதன் அதிர்வு தீக்கு முன்னால் ஓடிப்போய்ப் படிந்த தூளை எல்லாம் காற்றில் கிளப்பிவிடும். பின்னால் வரும் தீ அதைப் பற்றிக்கொள்ளும். அது எரியும் வேகத்தில் அடுத்த பகுதித் தூள் கிளம்பும். சபையில் தடித்த அந்தச் சொல்லும் இப்படித்தான். இருபது வருஷமாகப் படிந்திருந்த மனக்குறைகளை அது கிளப்பிவிட்டது.

அப்படியானால் குறையே படியாமல் வாழ வேண்டுமா? அது நடக்காது. கரி வெட்டுகிற இடத்தில் தூள் விழத்தான் செய்யும். ஆனால் அதை அடக்க வழி உண்டு. யார்க்ஷயரின் ஆல்டாஃப்ட்ஸ் சுரங்கம் 1886இல் வெடித்தபோது, கல்தூள் கிடந்த இடங்களில் தீ ஓடாமல் நின்றதை அதன் நிர்வாகி வில்லியம் கார்ஃபோர்த் கவனித்தார். பிறகு 1908இல் சோதனைக்கென்றே ஒரு நீண்ட குழாய்ப் பாதை அமைத்து, வெடிக்கவைத்தே அதை நிரூபித்தார். கரித்தூளைக் கிளப்பும் அதே அதிர்வு கல்தூளையும் கிளப்புகிறது. எரியாத அந்தத் தூள் சூட்டை உறிஞ்சிக்கொள்ள, தீ அடங்கிவிடுகிறது. இன்று அமெரிக்க நிலக்கரிச் சுரங்கப் பாதைகளில் சுண்ணாம்புக்கல் தூள் தூவுகிறார்கள். படிந்த தூளில் குறைந்தது 80 சதவீதம் எரியாத பொருளாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். சண்டை மூண்டபின் சமாதானம் தேடுவது கடினம். அந்த நேரத்தில் மனத்தில் என்னென்ன கிடக்கிறதோ அவ்வளவும் சேர்ந்துதான் கிளம்பும். காய்ச்சலில் கிடந்தபோது அண்ணி கொண்டுவந்த கஞ்சி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கேட்காமலே தம்பி நீட்டிய பணம் எல்லாம் அடியில் கிடந்தால், அவையும் கூடவே எழும். கோபம் தானாகத் தணியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. சுரங்கத்தில் புதுக் கரித்தூள் தினமும் மேலே படியும். அதனால் கல்தூளையும் திரும்பத் திரும்பத் தூவ வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் செய்த உதவியைச் சொல்லிக்காட்டிப் பயனில்லை. காரணமே இல்லாத ஒரு சாதாரண நாளில் போய் நலம் விசாரித்துவிட்டு வாருங்கள்.