டி.என்.பி.எல். எந்தப் பக்கம்?

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் தாரமங்கலம் பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் காதில் விழ ஆரம்பிக்கும். தடக்... தடக்... தடக்... விசைத்தறி! வழிநெடுக ஓட்டு வீடு, தகரக் கொட்டகை எதுவானாலும் உள்ளே தறி ஓடுகிறது. "ராத்திரியில தறி நின்னா எங்கூட்டுக் குழந்தைங்க பயந்து எந்திரிச்சுக்கும்" என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர். நம்பலாம் போலத்தான் இருந்தது.

தாரமங்கலம் வரை போய்விட்டு கைலாசநாதர் கோயிலை எட்டிப் பார்க்காமல் வந்தால் பாவம். அங்கே ஒரு கல் சிங்கம். வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. இந்த வட்டாரத்தில் பந்தை வைத்து வித்தை காட்டிய முதல் ஆசாமி அந்தச் சிற்பியாகத்தான் இருக்க வேண்டும். கூலி என்ன கொடுத்தார்களோ!

இரண்டாவது ஆசாமியின் கூலி பேப்பரிலேயே வந்துவிட்டது. 10 கோடியே 75 லட்சம். 2024 நவம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் டெல்லி அணி கொடுத்த விலை. ஆசாமி பெயர் த.நடராஜன். ஊர், தாரமங்கலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற சின்னப்பம்பட்டி.

கதையின் முதல் பாதி உங்களுக்கே தெரியும். அப்பா தறித் தொழிலாளி, அம்மாவுக்கு ரோட்டோரத்தில் சின்னக் கடை, ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருபது வயது வரை டென்னிஸ் பால்தான். அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் கையைப் பிடித்துச் சென்னைக்கு அழைத்துப்போய் லீக் கிரிக்கெட்டில் சேர்த்துவிட்டார். நாலாவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல்., பிறகு விஜய் சி.சி., ஜாலி ரோவர்ஸ். (ஜாலி ரோவர்ஸ் என்பது கெம்பிளாஸ்ட் கம்பெனி டீம். கெம்பிளாஸ்ட் தொழிற்சாலை இருப்பது மேட்டூரில், நம்ம பையன் ஊருக்கு அடுத்தாற்போல. ஆனால் மேட்டூர் கம்பெனி டீமில் ஆட, சென்னைக்கு பஸ் ஏற வேண்டும்! இந்த விசித்திரத்துக்கு யாரிடம் மனு கொடுப்பது?)

சின்னப்பம்பட்டியில் இப்போது நடராஜன் பெயரிலேயே கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். நான் போன அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்காக டீக்கடையில் ஒதுங்கினேன். பெஞ்சில் ஒருவர் தினத்தாளை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தார். ஆறு தறி ஓட்டுகிறாராம். நான் பி.காம். என்று தெரிந்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, கணக்குப் படிச்சவருங்கறீங்க. எம் பையன் பாலிடெக்னிக் போகமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். காலைல பந்து, சாயங்காலம் பந்து. நீங்களே சொல்லுங்க... இதுல போட்டா வருமா?"

மனுஷன் விளையாட்டாகக் கேட்கவில்லை. காலேஜ் பீஸ் கட்டக் கடைசித் தேதி பக்கத்தில் வந்துவிட்டது.

டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு கணக்குப் போட்டேன். 2017 ஏலத்தில் நடராஜனின் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. காரணம், 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காகப் போட்ட யார்க்கர்கள். சரி, அடுத்த வருஷம்? ஹைதராபாத் அணி, 40 லட்சம். ஒரே வருஷத்தில் 3 கோடி 40 லட்சமாகிவிட்டது! நம்ம ஆபீசில் இன்கிரிமென்ட்டில் நூறு ரூபாய் குறைந்தால் யூனியன் கொடி பிடிக்கிறோம். இவர் யாரிடம் கொடி பிடிப்பார்?

2018, 2019 இரண்டு சீசனிலும் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். 2020-ல்தான் வாய்ப்பு. 16 ஆட்டம், 16 விக்கெட். டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கரை இன்னொரு தடவை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன். வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்கென்று ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒவ்வொருவராகக் காயம்பட, 2020 டிசம்பர் 2-ல் ஒருநாள், 4-ல் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று விதமான ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டியே தெருவில் இறங்கி, ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டது.

அந்த வருஷம் ஐ.பி.எல். சம்பளம் என்ன தெரியுமா? அதே 40 லட்சம். ஏலத்தில் மறுபடி நிற்கிற வரை விலை மாறாது.

மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான கடைசி ஒருநாள் ஆட்டம். கடைசி ஓவரில் அவர்களுக்கு 14 ரன் வேண்டும். சாம் கரன் 90-ஐத் தாண்டி அடித்துக்கொண்டிருக்கிறார். பந்து நம்ம ஆள் கையில். 6 ரன்தான் கொடுத்தார். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. அடுத்த மாசமே முழங்காலில் ஆபரேஷன்.

ஆக அந்த நாலு மாசத்தில் இந்தியாவுக்காக 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. ஆடும் பதினோரு பேருக்கு போர்டு கொடுக்கிற ரேட் டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். கூட்டிப் பாருங்கள். 15, 12, 12... மொத்தம் 39 லட்சம்! தேசத்துக்காக ஆடியதற்கு 39, பெஞ்சில் உட்கார்ந்ததற்கு வருஷத்துக்கு 40.

ஆனால் அந்த 39 லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துக் கணக்குப் பார்க்கக்கூடாது. 'யார்க்கர் நடராஜன்' என்ற பெயரை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த நாலு மாசம்தான். கம்பெனிக் கணக்கில் 'குட்வில்' என்று ஒரு வரி வருமே, அது. 2022 ஏலத்தில் 4 கோடி. 2024 சீசனில் 19 விக்கெட். உடனே அந்த 10 கோடியே 75 லட்சம். பிறகு 2025 சீசனில் காயம் அது இதென்று மிகச் சில ஆட்டங்களில்தான் இறங்கினார். நன்றாக உழைத்த வருஷம் குறைந்த சம்பளம். கூடின சம்பளம் வந்த வருஷம் ஆட்டமே இல்லை. இந்தத் தொழிலில் சம்பளமும் வேலையும் ஒரே மாசத்தில் சந்தித்துக்கொள்வதில்லை.

தறிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அது சரிங்க தம்பி. இவரு ஒருத்தரு. கூட ஆடினவங்க?"

அங்கேதான் என் பேனா நின்றது. பெரியசாமி என்று இதே ஊர் வேகப்பந்து வீச்சாளர், 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 21 விக்கெட் எடுத்தார். ரஞ்சிக்கு வந்துவிட்டால் 2021 ரேட்டின்படி புதுசாக வருகிறவருக்கே ஒரு நாளைக்கு 40,000. அதுவரைக்கும் சரி. அந்த வரிசைக்கும் கீழே? யார் எவ்வளவு சம்பாதித்தார் என்று எந்தப் பேப்பரிலும் வராது. அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்: "தறின்னா நஷ்டமோ லாபமோ, கரண்ட் பில்லு கரெக்டா வரும்."

மறுநாள் ஓமலூர் வழியாக தர்மபுரி ரோட்டில் தீவட்டிப்பட்டி. அங்கிருந்து உள்ளே போனால் பெரியவடகம்பட்டி. கார் ஏலம், ஆடு ஏலம் பார்த்திருக்கிறோம். உயரம் தாண்டுகிற ஆளை யாரும் ஏலம் எடுப்பதில்லை. அதுவும் ஒரு காலில்.

மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில், பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா சரோஜா செங்கல் சுமந்தார், பிறகு காய்கறி விற்றார். வைத்தியத்துக்கு வாங்கின கடனே லட்சக்கணக்கில். பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் தாண்டச் சொன்னார், பையன் தாண்டினான். பிறகு பெங்களூர் சத்யநாராயணாவிடம் பயிற்சி. 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம்.

இந்த மூன்று எண்ணையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எட்டு வருஷத்தில் நாலே சென்டிமீட்டர்தான் வித்தியாசம். மனுஷன் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கிறார், மெடலின் நிறம்தான் மாறுகிறது. நடராஜனின் விலையை கிராஃபாகப் போட்டால் ஏற்காடு மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும். இவருடையது சேலம்-நாமக்கல் சமவெளி.

வருமானம்? ரியோ தங்கத்துக்கு மாநில அரசு 2 கோடி, மத்திய அரசு 75 லட்சம். அதில் 30 லட்சத்தைப் படித்த பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். பத்மஸ்ரீ, கேல் ரத்னா வந்தன. 2017 புத்தாண்டன்று ஐஸ்வர்யா தனுஷ் இயக்கத்தில் 'மாரியப்பன்' என்று சினிமா போஸ்டர்கூட வந்தது. ஆனால் போஸ்டரை வைத்துப் பால் கார்டு வாங்க முடியாது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற போட்டி, அதில் ஒரே ஒரு நாள், சில தாண்டல். டோக்கியோவில் தேசியக் கொடி ஏந்த வேண்டியவர், விமானத்தில் பக்கத்தில் வந்தவருக்குக் கொரோனா என்று தனிமையில் உட்கார வைக்கப்பட்டார். அப்படி ஒரு தும்மல் போட்டியன்றைக்கே வந்திருந்தால்? நாலு வருஷ வருமானம் போச்சு.

2021 நவம்பரில் கையில் ஓர் உத்தரவு கிடைத்தது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் வேலை. மாசச் சம்பளம்! 1983-ல் உலகக் கோப்பையை ஜெயித்து வந்தவர்களுக்கே பரிசு கொடுக்க போர்டிடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் கச்சேரி பாடி, வசூலில் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ரயில்வே, பாங்க் என்று ஏதாவதொரு ஆபீஸ் வேலைதான் ஆட்டக்காரன் அடுப்பை எரித்தது. ஏலம் வந்த பிறகு கிரிக்கெட்காரர்கள் அதை மறந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு இன்றும் அதே ரயில்வே, அதே போலீஸ், அதே ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஆபீஸில் நாம் சலித்துக்கொள்கிற அந்த ஒன்றாம் தேதியை, உலகத்தின் உச்சியில் நின்று தங்கம் வாங்கின ஆளும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது பெருமையா, வருத்தமா என்று புரியவில்லை.

சேலத்திலிருந்து தெற்கே இறங்கினால் ராசிபுரம், நாமக்கல். இந்தப் பக்கம் எல்லாமே தொழில்தான். முட்டை, லாரி பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக். போர் போடுகிறவர்கள் அடிக்கணக்கில் வாங்குவார்கள். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கூலி உண்டு. நடராஜன் கதையைச் சொன்னதும் ஒரு ரிக் டிரைவர், "அப்ப அவரு போர் போடறவரு இல்லீங்க, நெலத்துக்காரரு" என்றார். இதற்கு மேல் எந்த பொருளாதாரப் பேராசிரியரும் சொல்ல மாட்டார்.

பிள்ளைகளைக் கூண்டில் வைத்து மார்க் வாங்க வைக்கிற பள்ளிக்கூடங்களுக்கும் இந்த ஜில்லா பேர்போனது. 'பிராய்லர் ஸ்கூல்' என்று ஊர்க்காரர்களே கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட காம்பவுண்டுச் சுவர் ஒன்றில்தான் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மாபெரும் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி. முதல் பரிசு 20,000, உபயம் கோழிப் பண்ணை. இரண்டாம் பரிசு, உபயம் லாரி பட்டறை. நுழைவுக் கட்டணம் 1,500. பக்கத்திலேயே கபடிக்கும் ஒரு நோட்டீஸ், முதல் பரிசோடு ஓர் ஆட்டுக்கிடா.

மைதானத்துக்கே போய்விட்டேன். ஜெயித்த டீம் பையன்கள் கவரைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். கட்டணம், வேன் வாடகை, பிரியாணி போக ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கும் கம்மி. "இதுலயே வாரம் ரெண்டு மேட்ச் ஆடற பசங்க இருக்காங்கண்ணா" என்றான் விக்கெட் கீப்பர். பகலில் பண்ணையில் முட்டை அடுக்குகிறான். ஏலத்துக்குப் போகிற ஆசை உண்டா என்று கேட்டதற்குச் சிரித்தான். "மொதல்ல கிளவுஸ் வாங்கணுங்கண்ணா."

கடைசியாக பரமத்தி வேலூர். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் கரூர் ஜில்லா, புகளூர். மாரியப்பனுக்கு வேலை கொடுத்த கம்பெனியின் காகித ஆலை அங்கேதான். அந்தக் கம்பெனிக்கு சுருக்கப் பெயர், டி.என்.பி.எல். நடராஜனைக் கண்டுபிடித்துக் கொடுத்த தமிழ்நாடு பிரீமியர் லீக்குக்கும் அதே நாலெழுத்துதான்! ஒரு டி.என்.பி.எல். ஒருவரை ஏலத்துக்கு அனுப்பியது, இன்னொன்று ஒருவருக்கு மாசச் சம்பளம் கொடுத்தது.

பாலத்தடியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: "அண்ணே, டி.என்.பி.எல். எந்தப் பக்கம்?"

தாரை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேக்டரியா, மேட்ச்சா? மேட்ச்னா சீசன் முடிஞ்சுதுங்க. பேக்டரின்னா இப்பக்கூட ஷிப்ட் பஸ் போவும், ஏறிக்குங்க."