மூணு சுழி 'ண'வும் திருவாதிரையும்

மார்கழியில் குற்றாலம் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பு வேட்டி ஐயப்ப சாமிகள்தான். நான் போனது குளிக்க அல்ல, சார். ஒரு சுழிக்காக!

அப்பா பெயர் சண்முகம். சென்னையில் ஓர் ஆபீஸில் எந்தப் புண்ணியவானோ ரெண்டு சுழி போட்டு 'சன்முகம்' ஆக்கிவிட்டார். அப்பா காலமாகிப் பதினாலு மாதம். அம்மாவுக்கு இன்னும் குடும்ப பென்ஷன் வரவில்லை. "ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ப்ரூஃப் கொண்டாங்க!"

அப்பா படித்தது தென்காசியில். பள்ளிக்கூடத்துப் பழைய ரெஜிஸ்டரில் மூணு சுழியோடு முத்து முத்தாக இருந்தது பெயர். நகலை வாங்கிக்கொண்டு பெரிய கோயில் கோபுர வாசலில் நின்றால், அந்த ஊர்க் காற்று பேப்பரைப் பிடுங்கப் பார்க்கிறது! (பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். காற்றும் அவர் ஏற்பாடுதானோ?)

மறுநாள் ஆருத்ரா தரிசனம். "இம்புட்டு தூரம் வந்துட்டு சித்திரசபை பாக்காம போயிருவியோ?" என்று அதட்டிக் குற்றாலத்துக்கு இழுத்துப்போனார் அப்பாவின் சிநேகிதர். ரிட்டயரான கணக்கு வாத்தியார். எனக்கு மாமா.

விடிகாலை நாலு மணி. பல் தந்தி அடிக்கிறது. இங்கே நடராஜர் சிலையாக இல்லை. சுவரில் ஓவியமாக ஆடுகிறார். தெப்பக்குளக் கரையில் நின்று பார்த்தால் மேற்கே மலைக்கு மேல் நிலா. அந்தப் பக்கமே சிவப்பாக ஒரு நட்சத்திரம்.

"அதாம்ல திருவாதிரை. வெள்ளைக்காரன் 'பெட்டல்ஜூஸ்'ம்பான். அதுவும் ஒங்கப்பன் கதைதான்!"

அரபிக்காரர்கள் வைத்த பெயர் 'யத் அல்-ஜவ்ஸா'. ஜவ்ஸா, வானத்தில் அவர்கள் கண்ட ஓர் உருவம். யத் என்றால் கை. அரபியில் சொல்லின் முதலில் 'ய' வந்தால் கீழே ரெண்டு புள்ளி. ஒரே புள்ளி என்றால் அது 'ப'. லத்தீனுக்குக் கொண்டுபோனபோது யாரோ ரெண்டை ஒன்றாகப் படித்துவிட்டார்கள். 'யத்', 'பத்' ஆயிற்று! பின்னால் வந்த பண்டிதர்கள் 'பத்' என்றால் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் "அக்குளாக இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். சிவபெருமான் நட்சத்திரம், அக்குள்!

'சைன் தீட்டா'கூட இப்படித்தானாம். நம்ம ஊர் 'ஜ்யா' அரபியில் 'ஜீபா' ஆயிற்று. உயிர்க்குறி இல்லாமல் எழுதியதை 'ஜைப்' என்று வாசித்தார்கள். ஜைப் என்றால் உடுப்பின் மடிப்பு. அதை லத்தீனில் 'சைனஸ்' என்று பெயர்த்துவிட்டார்கள். (பத்தாம் வகுப்பில் எனக்கு அது ஏறாததன் காரணம் இப்போது புரிகிறது.)

"கையால பாத்து எழுதுறவன் ஒருத்தனாவது திருத்துவான். அச்சுல ஏறிட்டா?" என்றார் மாமா. அச்சில் ஏறியவை கொஞ்சமில்லை. அல்ஃபான்ஸோ அட்டவணைகள் 1483-ல் வெனிஸில். அல்-ஃபர்கானி 1493-ல் ஃபெராராவில். அல்-பத்தானி 1537-ல் நூரம்பெர்க்கில். அல்-பத்தானியின் அளவுகளைத்தான் கோப்பர்நிகஸே 1543-ல் தன் புத்தகத்தில் எடுத்தாண்டார். கணக்கெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது; பெயர்தான் வழியில் கை தவறி விழுந்தது.

"இவ்வளவு நாளா யாரும் திருத்தலையா, மாமா?"

"எதுக்குல? நட்சத்திரம் என்ன பென்ஷனா கேக்குது?"

உள்ளே தீபாராதனை மணி அடித்தது. பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பேப்பர் இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"சுழி சரி, சார். இனிஷியலுக்குப் பக்கத்துல புள்ளியைக் காணோமே?"