பழைய பெயரில் கூப்பிட்டால்

தாதரில் டாக்ஸி ஏறி "வி.டி." என்று சொல்லிப் பாருங்கள். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மீட்டரைப் போடுவார். விக்டோரியா டெர்மினஸ் 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது. 2017-ல் நடுவில் 'மகராஜ்' சேர்ந்தது. பெயர்ப் பலகை இரண்டு முறை மாறிவிட்டது. பழைய பெயரைச் சொன்னவர் யாரும் நடுவழியில் இறக்கிவிடப்படவில்லை.

நான் குடியிருக்கும் மாட்டுங்காவில் இன்னொரு உதாரணம் உண்டு. விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் 1887-ல் தொடங்கப்பட்டது. 1997-ல் அது வீரமாதா ஜீஜாபாய் டெக்னலாஜிகல் இன்ஸ்டிட்யூட் ஆனது. இங்கிலாந்து மகாராணி போய் சிவாஜியின் தாயார் வந்தார். ஆனால் வி.ஜே.டி.ஐ. என்ற நான்கெழுத்து அப்படியே நின்றது. அதை வைத்தவர் புத்திசாலி.

இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

தாராவியில், 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், தோல் பை தைக்கும் பட்டறை இருக்கிறது. அதற்குக் கணக்குப் போட ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். மவுஸுக்கு வேலையில்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். ரோமன் எழுத்தில் 'கூலி' என்று தட்டினால், அந்த வாரம் யார் எத்தனை பை தைத்தார், எவ்வளவு பாக்கி என்று பட்டியல் தயாராகும். கணக்குப் பார்க்கும் அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். கண் மங்கலானவர். அவருக்காக இரண்டு வரியில் ஒரு கோப்பும் எழுதி வைத்திருந்தேன். முதல் வரி 'கூலி'யை ஓட்டும். இரண்டாவது வரி பட்டியலை அச்சடிக்கும். ஒரு தட்டு தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்ததும் 'கூலி' என்ற சொல் வேண்டாம் என்றார். வங்கியில் கடன் கேட்கும் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு வேண்டும். அதில் 'சம்பளம்' என்றுதான் இருக்க வேண்டும். நியாயமான பேச்சு. ஒரே ராத்திரியில் கட்டளையின் பெயரையும் 'சம்பளம்' என்று மாற்றினேன். பழைய பெயரைத் துடைத்தெடுத்தேன். சுத்தமாகிவிட்டது என்று திருப்தியோடு தூங்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வழக்கம்போல் தட்டினார். 'கூலி என்று ஒரு கட்டளை இல்லை' என்ற வரி திரையில் வந்து நொடியில் ஓடிவிட்டது. ஆனால் இரண்டாவது வரி தன் கடமையைச் செய்தது: போன வாரப் பட்டியலை மறுபடி அச்சடித்தது. அதைப் பார்த்தே பணம் பட்டுவாடா ஆயிற்று. போன வாரம் ஊரில் சாவுக்குப் போயிருந்த ஒருவருக்குப் பூஜ்யம். இந்த வாரம் அவர் ராத்திரி பகலாகத் தைத்திருந்தார். பொங்கலுக்கு ஊர் போக டிக்கெட் எடுக்க வேண்டிய பணம் அது. அவர் கத்தவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் புரோகிராமுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் சரிசெய்தோம். அண்ணாச்சி ஒன்றுதான் சொன்னார்: "பேரை மாத்துனது தப்பில்ல தம்பி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் பெரிய பெரிய புரோகிராமர்களும் திண்டாடுகிறார்கள். கோப்புகளில் சொல் தேடும் 'கிரெப்' என்ற கட்டளை உலகம் முழுதும் புழங்குகிறது. அதற்கு 'இகிரெப்', 'எஃப்கிரெப்' என்று இரண்டு கிளைப் பெயர்கள். இவற்றை இனிப் பழக வேண்டாம் என்று குனு கிரெப்பை எழுதுகிறவர்கள் 2007-லேயே அறிவித்துவிட்டார்கள். கையேட்டை யார் படிக்கிறார்கள்? 15 ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரில் வந்த 3.8 பதிப்பு வாய் திறந்தது: இது வழக்கொழிந்து வரும் பெயர், 'கிரெப் -ஈ' என்று எழுதுங்கள் என்று எச்சரித்தது. எச்சரித்துவிட்டு, கேட்ட வேலையையும் செய்து கொடுத்தது. அதற்கே பல இடங்களில் முணுமுணுப்பு. 'கிட்' இன்னும் பொறுமைசாலி. 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளை பல வேலை பார்த்துக் குழப்புகிறது என்று 2019-ல் 'ஸ்விட்ச்', 'ரிஸ்டோர்' என்ற இரண்டைக் கொண்டுவந்தது. பழையதன் மேல் கை வைக்கவில்லை.

நானும் திருந்தினேன். 'கூலி'யைத் திரும்பக் கொண்டுவந்து 'சம்பளம்' என்பதன் மாற்றுப்பெயராக வைத்தேன். கணக்குப் போடும் பகுதி ஒன்றுதான்; அதற்கு வாசல் இரண்டு. தனித்தனிப் பிரதி வைத்தால் நாளைக்கு ஒன்றில் பீஸ் ரேட்டை மாற்றி இன்னொன்றில் மறந்துவிடுவேன். உதவிப் பட்டியலில் புதுப் பெயர் மட்டும் தெரியும். பழைய பெயரில் கூப்பிட்டால் வேலை நடக்கும். கூடவே 'இனி சம்பளம் என்று தட்டவும்' என்று ஒரு வரி வரும். அந்த வரி, விடை போகும் பாதையில் போகக் கூடாது. பிழைச் செய்திக்கென்று இருக்கும் தனிப் பாதையில் போக வேண்டும். இல்லாவிட்டால் சம்பளப் பட்டியலின் தலைப்பில் என் உபதேசம் அச்சாகும். அண்ணாச்சியின் கோப்பிலும் ஒரு திருத்தம்: முதல் வரி தோற்றால் இரண்டாவது ஓடாது.

கடைசியாக, பழைய பெயரை யார், எப்போது அழைத்தாலும் பதிவேட்டில் ஒரு வரி விழும்படி செய்தேன். 'கூலி'யை நீக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வைத்துப் பயனில்லை. பதிவேடு காலியாகும் நாள்தான் அந்த நாள்.

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொல்லியாயிற்று. கோப்பில் பெயரை மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன். "பொறவு பாப்போம்" என்றார். போன சனிக்கிழமை பதிவேட்டைத் திறந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது: கூலி, மாலை 4.10. எல்லாருக்கும் சரியான பணம் போயிருந்தது. மூடி வைத்துவிட்டேன்.